வேலூரிலிருந்து தரங்கம்பாடி கோட்டைக்கு: இரண்டு முறை போய்த் தெரிந்துகொண்டவை

சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் ஞாயிறு மாலை ஒரு வாசிப்புக் கூட்டம் நடக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவரும் அம்மாக்கள், ஓய்வுபெற்றவர்கள் இரண்டு மூன்று பேர். ஒருநாள் தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் பற்றிப் பேச்சு வந்தது. அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை தரங்கம்பாடியில் முன்சீப்பாக, அதாவது கீழ்க்கோர்ட்டு நீதிபதியாக இருந்தவர், அங்கே கடற்கரையில் டென்மார்க் நாட்டு டேனியர்கள் கட்டிய கோட்டை இன்னும் நிற்கிறது, தமிழ் எழுத்துகளை அச்சில் வார்த்துப் புத்தகம் போட்ட ஊரும் அதுதான் என்று சொன்னேன். "அப்போ போய்ப் பார்க்கலாமே டீச்சர்" என்று ஒரு பெண் கேட்டாள். கிளம்பிவிட்டோம்.

முதல் முறை போனபோது புதுச்சேரி எல்லையில் வேனை நிறுத்திவிட்டார்கள், இரண்டு மணி நேரம் அங்கேயே போனது. அதற்குப் பிறகு கோட்டை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தால் கதவு பூட்டியிருக்கிறது, ஏனென்றால் அன்று வெள்ளிக்கிழமை. பதினாறு பேர், அதில் பத்து பேர் பிள்ளைகள், பூட்டின கதவுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம். அடுத்த வருஷம் 2024 பிப்ரவரியில் மறுபடி போனோம். அந்தமுறை எல்லாம் சரியாக நடந்தது. வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடோ பிள்ளைகளோடோ போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வரிசையிலேயே ஏற்பாடு செய்யுங்கள், ஏனென்றால் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது சரியாக அமைகிறது.

1. நாளை முதலில் முடிவு செய்யுங்கள்

வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம். கோட்டைக்குள் இருப்பது அருங்காட்சியகம், அதற்கு வெள்ளிதான் வார விடுமுறை. நம் வேலூர் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை திறக்காது, அது தெரிந்தே வளர்ந்த நானே இதை யோசிக்கவில்லை. பள்ளிகளுக்கு வெள்ளி உள்ளூர் விடுமுறை கிடைத்தது, சனி ஞாயிறோடு சேர்த்து வசதியாக இருந்தது, அதை மட்டும் பார்த்துவிட்டேன். தேசிய விடுமுறை நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். திறந்திருக்கும் நாட்களில் காலை 10 மணி வாக்கில் திறந்து மாலை 5 மணி போல மூடுவார்கள். 4 மணிக்கு மேல் போய் நின்றால் அவசர அவசரமாகத்தான் பார்க்க முடியும்.

மாதம் என்று பார்த்தால் பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்துத் தொடங்கி மார்ச் முதல் வாரம் வரை நல்ல காலம். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் முடிய வடகிழக்குப் பருவமழை. அந்தக் கரையில் புயல் சின்னம் என்ற செய்தி வந்தாலே கடற்கரைக்கு விட மாட்டார்கள், வழியில் தாழ்வான சாலைகளில் தண்ணீரும் நிற்கும். சித்திரை, வைகாசியில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேலூர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு எந்த வெயிலும் பெரிதில்லை என்று நாம் நினைப்போம். இங்கே வெயில் காய்ச்சி எடுக்கும், நிழலுக்குப் போனால் சரியாகிவிடும். அங்கே உப்புக் காற்றில் நிழலிலும் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். வயதானவர்கள் கூட வந்தால் அந்த மாதங்களை விட்டுவிடுங்கள்.

காணும் பொங்கல் அன்றும் போகாதீர்கள். கடற்கரை முழுக்கக் கூட்டமாக இருக்கும்.

2. வேன் பேசும்போது கேட்க வேண்டியவை

எங்களுக்கு அதிகம் அடிபட்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வேலூரிலிருந்து தரங்கம்பாடி ஏறக்குறைய 280 கிலோமீட்டர். திருவண்ணாமலை, விழுப்புரம் வரை எல்லோருக்கும் தெரிந்த வழி. அதற்கப்புறம்தான் கவனம் வேண்டும். மேப்பைப் போட்டால் சில நேரம் புதுச்சேரி வழியாகக் காட்டும். சொந்தக் காரில் போகிறவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. வாடகை வேனுக்குத் தமிழ்நாட்டு பெர்மிட் மட்டும் இருந்தால் புதுச்சேரி எல்லைக்குள் நுழையத் தனியாக பெர்மிட் போட்டு வரி கட்ட வேண்டும். நாங்கள் வேன் பேசியபோது "எல்லாம் இருக்கு மேடம், நீங்க கவலைப்படாதீங்க" என்றுதான் பதில் வந்தது. எல்லையில் நிறுத்தியபோது இல்லை என்று தெரிந்தது. டிரைவர் தம்பியைச் சொல்லிக் குற்றமில்லை, அவரும் எங்களைப் போலவே வெயிலில் நின்றார்.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது ஆல் இந்தியா டூரிஸ்ட் பெர்மிட் வண்டியா? ஆமாம் என்றால் அந்த பெர்மிட், இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) மூன்றையும் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தேதி முடிந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இல்லை என்றால் விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி, நெல்லிக்குப்பம், கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று போங்கள். புதுச்சேரி குறுக்கிடாது. இரண்டாவது முறை நாங்கள் அந்த வழியில்தான் போனோம். தரங்கம்பாடிக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் காரைக்கால் தொடங்கிவிடும், அதுவும் புதுச்சேரி எல்லைதான். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், காரைக்கால் அம்மையார் கோயிலையும் பார்த்துட்டு வந்துடலாம்" என்று யாராவது வண்டிக்குள் சொல்வார்கள். பெர்மிட் இருந்தால் மட்டும் சரி சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம் வாடகைக் கணக்கு. வேனுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர் என்று வைத்திருப்பார்கள், பெரும்பாலும் 300. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்குக் காசு. நாள் என்பது இரவு 12 மணியிலிருந்து அடுத்த இரவு 12 மணி வரை. முதல் முறை நாங்கள் வியாழன் இரவு 10 மணிக்குக் கிளம்பினோம், அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முழு நாள் வாடகையும் பேட்டாவும் கூடுதலாகப் போனது. இரண்டாவது முறை சனிக்கிழமை விடியற்காலை 3.30-க்குக் கிளம்பினோம். பிள்ளைகள் திருவண்ணாமலை வரை தூங்கிக்கொண்டே வந்தார்கள், டிரைவரும் இரவு தூங்கிவிட்டு வந்ததால் எனக்கும் நிம்மதி.

பேட்டா, டோல், பார்க்கிங் வாடகையில் சேர்ந்ததா தனியா என்பதையும் பேசும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாட்ஸாப் மெசேஜ் போதும்.

3. பஸ், ரயிலில் போகிறவர்களுக்கு

தரங்கம்பாடியில் இப்போது ரயில் நிலையம் கிடையாது. மயிலாடுதுறையிலிருந்து அங்கே ஓடிய பழைய ரயில் பாதையை 1980-களிலேயே எடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் சிலர் "ரயில் போகுமே" என்பார்கள், அது அந்தக் காலத்து ஞாபகம்.

இறங்க வேண்டியது மயிலாடுதுறை. திருப்பதியிலிருந்து மன்னார்குடி போகும் பாமணி எக்ஸ்பிரஸ் காட்பாடி வழியாகப் போகிறது, ஆனால் வாரத்தில் சில நாள்தான். உங்கள் தேதியில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். ராத்திரிதான் மயிலாடுதுறை சேரும், அதனால் அன்று அங்கேயே தங்கிக் காலையில் பஸ் பிடிக்க வேண்டும். மயிலாடுதுறையிலிருந்து காரைக்கால் போகும் பஸ்ஸில் ஏறும்போது "தரங்கம்பாடி வழியா?" என்று கேட்டு ஏறுங்கள். வேறு வழியாகப் போகும் பஸ்களும் உண்டு.

பஸ்ஸிலேயே போவதானால் திருவண்ணாமலை, விழுப்புரம், சிதம்பரம் என்று மாறி மாறிப் போக வேண்டும். சிதம்பரத்தில் நாகப்பட்டினம் அல்லது காரைக்கால் பஸ். ஒரு முழுப் பகல் போய்விடும். பெட்டி குறைவாக இருக்கும் இரண்டு பேருக்குச் சரி, பிள்ளைகளோடு வேண்டாம்.

4. அறை போடும் முன் பஞ்சாங்கம் பாருங்கள்

தரங்கம்பாடியில் கோட்டைக்குப் பக்கத்திலேயே பழைய பங்களாவை ஹோட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். அழகான இடம், ஆனால் எங்களைப் போன்ற கூட்டத்துக்கு அது கட்டுப்படியாகாது. சாதாரணமாக எல்லோரும் தங்குவது திருக்கடையூரில், கோட்டையிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர்.

திருக்கடையூரில் லாட்ஜ்கள் நிறைய. இருந்தும் அறை கிடைக்காமல் போகும். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்துகொள்ள ஊர் ஊராக வந்து தங்குவார்கள், ஒரு குடும்பமே பத்து அறை எடுக்கும். முகூர்த்த நாளாகப் பார்த்துத்தான் எல்லோரும் வருவதில்லை, அவரவர் ஜன்ம நட்சத்திரத்துக்கும் வருவார்கள், ஆனாலும் சனி ஞாயிறில் முகூர்த்தம் சேர்ந்தால் நிச்சயம் நெருக்கடி. தை அமாவாசையும் அங்கே பெரிய நாள், அபிராமி பட்டர் அந்தாதி பாடி நிலவை வரவழைத்த கதை அந்த அமாவாசைக்குத்தான். காலண்டரில் இந்த நாட்களைப் பார்த்து விலக்கிவிட்டு, மூன்று வாரம் முன்பே போன் செய்து அறை சொல்லிவையுங்கள். பாதிப் பணம் அனுப்பினால் ரசீதை வாட்ஸாப்பில் கேளுங்கள். "பேர் எழுதிட்டேன்மா" என்று வாயால் சொல்வதை நம்பி ராத்திரி போய் நிற்காதீர்கள்.

நாலு பேர் படுக்கும் அறைக்கு நாங்கள் கொடுத்தது 1,800 ரூபாய். டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள். அடுத்த நாள் ராத்திரி அவர்தான் நம்மைத் திருப்பிக் கூட்டிவரப் போகிறார், வேன் சீட்டில் படுத்துத் தூங்காமல் இருப்பது நமக்கும் நல்லது.

5. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

கோட்டைக்குள் போக இந்தியர்களிடம் எதுவும் கேட்பதில்லை, டிக்கெட் மட்டும் போதும். காகிதம் எல்லாம் லாட்ஜுக்கும் வழிக்கும்தான்.

பெரியவர்கள் எல்லோரும் அசல் ஆதார் எடுத்து வாருங்கள், போட்டோகாப்பி ஒன்றும். அம்மா அப்பா இல்லாமல் பிள்ளைகளைக் கூட்டிப் போவதானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம், அவர்கள் போன் நம்பர், பிள்ளையின் ஆதார் நகல். இவை ஒரே ஃபைலில் இருக்கட்டும். மேலே ஒரு தாளில் எல்லோர் பெயர், வயது, ரத்த வகை, மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதையும் எழுதுங்கள். லாட்ஜ் கவுண்டரில் அந்தத் தாளைக் கொடுத்ததும் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பள்ளியின் பெயரில் போவதென்றால் இது போதாது, தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு ஒரு மாதமாவது முன்னால் விண்ணப்பியுங்கள்.

வேலூரில் படிக்கிற, வேலை பார்க்கிற வெளிநாட்டுக்காரர்கள் பலர் உண்டு. நண்பர் என்று யாரையாவது சேர்த்துக்கொண்டால் அவர் பாஸ்போர்ட், விசா அசலோடு வர வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ்காரர்கள் அவர் விவரத்தை அரசுக்கு ஆன்லைனில் அனுப்பியாக வேண்டும். அதற்குப் பதிவு செய்யாத சின்ன லாட்ஜ்களில் அறை தர மாட்டார்கள். போனில் பேசும்போதே கேட்டுவிடுங்கள். கோட்டையில் அவர்களுக்கு நுழைவுக் கட்டணமும் வேறு, நம்மைவிடப் பல மடங்கு.

கல்யாண போட்டோ ஷூட், குறும்படம், ட்ரோன் என்று எதையாவது மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். தொல்லியல் துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் வாசலிலேயே நிறுத்துவார்கள்.

6. போவதற்கு முன் ஒரு மாலை படித்துப் பேசுங்கள்

இதைச் செய்யாமல் போனால் கோட்டை உங்களுக்குச் சின்னதாகத் தெரியும். உண்மையிலேயே சின்னதுதான். வேலூர் கோட்டையின் அகழியையும் மதிலையும் பார்த்த கண்ணோடு போகிறோம், அங்கே ஒரே முற்றம், ஒரு பக்கம் மாடிக் கட்டடம், சுற்றி மதில், அவ்வளவுதான். "இதுக்கா டீச்சர் இவ்ளோ தூரம்?" என்று முதலில் கேட்டவன், முன்னாடி நடந்த கூட்டத்துக்கு வராத பையன்.

நாங்கள் படித்துக்கொண்டு போனது கொஞ்சம்தான். கோட்டை 1620-ல் டேனியர்கள் கட்டியது, தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி. 1706 ஜூலையில் சீகன்பால்க் என்ற ஜெர்மன் பாதிரியார் அங்கே வந்து இறங்கினார், 24 வயது நிறையவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். கோட்டைத் தளபதியோடு தகராறாகி 1708 நவம்பரில் இதே கோட்டையில் சிறை, நான்கு மாதம் போல இருந்தார். அப்புறம் 1712-ல் அச்சு இயந்திரம் வந்தது, தமிழ் எழுத்துகள் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து வந்தன, 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சானது. தாளுக்காகப் பக்கத்திலேயே காகித ஆலையும் வைத்தார்கள்.

ஒரு தவறான செய்தியைப் பலர் சொல்லக் கேட்கிறேன், தமிழில் அச்சான முதல் புத்தகம் தரங்கம்பாடியில் வந்தது என்று. பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லாதீர்கள். தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 1578-லேயே கொல்லத்தில் வந்துவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை வேறு: நின்றுபோயிருந்த தமிழ் அச்சு வேலை அங்கே மறுபடி தொடங்கித் தொடர்ந்து நடந்தது.

வேதநாயகம் பிள்ளை வருவது அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து, டேனியர்கள் 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன பிறகு. பிரதாப முதலியார் சரித்திரம் 1879-ல் வெளிவந்தது. அதில் பிள்ளைகள் சிரிக்கக்கூடிய பகுதி எவ்வளவோ உண்டு. ஒரு அத்தியாயத்தை நகல் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே படிக்கலாம். போனில் படிக்கலாம் என்று நினைக்காதீர்கள், கடற்கரை வெளிச்சத்தில் திரை தெரியாது.

7. கோட்டையில் எப்படிப் பார்ப்பது

வேனை ஊருக்கு நுழையும் பழைய வாசலுக்கு வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்து போங்கள். 1792 என்று ஆண்டு சொல்லும் அந்த வெள்ளை வாசல் வழியாக ராஜா வீதியில் நேராக நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கடல். வழியில்தான் சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. 1718-ல் கட்டியது, அடுத்த வருஷமே இறந்துபோனார், அங்கேயே அடக்கம். ஞாயிறு காலை ஆராதனை நடக்கும். அந்த நேரத்தில் சுற்றிப்பார்க்கவும் போட்டோ எடுக்கவும் உள்ளே போகாதீர்கள். நாங்கள் சனிக்கிழமை மதியமே பார்த்துவிட்டோம். வேனிலேயே கோட்டை வரை போனால் இந்த வீதி முழுக்க ஜன்னல் வழியாக ஓடிவிடும், அது பெரிய இழப்பு.

கோட்டை டிக்கெட் மிகக் குறைந்த காசு, ஆனால் கேமராவுக்குத் தனிச் சீட்டு. சில்லறையாகப் பணம் கொண்டுபோங்கள். போன் பே இருக்கும் என்று நம்பிப் பதினாறு டிக்கெட்டுக்கு 500 ரூபாய் நோட்டை நீட்டிவிட்டு நின்றால் பின்னால் வரிசை நிற்கும்.

உள்ளே போனதும் எல்லோரும் மாடிக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் கீழே பாருங்கள். கீழ்த்தளத்தில் சமையலறை, சரக்கு வைத்த அறைகள், சிறை என்று வளைவுக் கூரையோடு இருட்டாக இருக்கும், கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தச் சுவரில் கை வைத்தால் ஈரமாக, உப்புப் பொரிந்து மாவு மாதிரி விரலில் ஒட்டுகிறது. நான்கு மாதம் இந்தக் கோட்டைக்குள் அடைத்துவைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அங்கே நின்று கேட்டேன். யாரும் பேசவில்லை, அலைச் சத்தம் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் மாடி. பீங்கான் பாத்திரங்கள், சீனத்துத் தேயிலை ஜாடிகள், டேனிஷ் ஆவணங்கள், ஈட்டிகள், சுதைச் சிற்பங்கள், திமிங்கல எலும்பு என்று வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். படி ஏற முடியாதவர்களுக்கு முற்றத்திலேயே உட்கார இடம் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். மதில் மேல் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள்.

கழிப்பறை விஷயத்தைச் சிதம்பரத்திலோ அறையிலோ முடித்துக்கொண்டு வாருங்கள், குறிப்பாகப் பெண்கள். குடிக்கத் தண்ணீரும் ஆளுக்கு ஒரு பாட்டில்.

8. கடல்

பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம்முடையவை. கடலைக் கண்டதும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடும். அங்கே கரை ஓரம் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள், பாசி வழுக்கும், அலையும் இழுக்கும். குளிக்கக் கூடாது என்று வேனிலேயே சொல்லிவிடுங்கள், கரையில் இறங்கும்போது ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பொறுப்புக் கொடுங்கள். 2004 சுனாமி அந்த ஊரைத் தாக்கியது, கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவர்களிடம் அதைக் கதை கேட்பது போலக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

சூரியன் மறைவதைக் கடலில் பார்க்கலாம் என்று சிலர் மாலை வரை காத்திருப்பார்கள். அது கிழக்குக் கரை, சூரியன் ஊருக்குப் பின்னால்தான் இறங்கும். உதயம்தான் பார்க்க வேண்டியது. திருக்கடையூரில் 5.15-க்கு எழுப்பிக் கிளம்பினால் போதும். கரையை ஒட்டியே மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது, 1306-ல் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது, முன் பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அந்த நேரத்துக்கு ஈர மணல் மட்டமாக, ஸ்லேட்டுப் போல இருந்தது. குடியாத்தத்திலிருந்து வந்த ஏழாம் வகுப்புப் பெண் குனிந்து விரலால் பெரிதாக ஒரு "அ" போட்டாள். "இப்படித்தானே டீச்சர் சீகன்பால்க் எழுதினார்?" என்றாள். இப்படித்தான் எழுதியிருப்பார் என்றேன். மற்ற பிள்ளைகளும் வந்து ஆளுக்கு ஓர் எழுத்துப் போட்டார்கள், "ஔ" வரைக்கும் வந்தது, ஆய்த எழுத்துக்கு இடம் பார்ப்பதற்குள் அலை வந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து நாவலில் ஒரு அத்தியாயம் படித்தோம். காற்று அதிகம், சத்தமாகப் படிக்கிறவரிடம் கொடுங்கள், தாளுக்குக் கிளிப் கொண்டுபோங்கள்.

9. எவ்வளவு ஆனது

பதினாறு பேர், இரண்டு பகல், ஒரு ராத்திரி. வேன் 620 கிலோமீட்டர் ஓடியது, கிலோமீட்டருக்கு 24 ரூபாய், 14,880. டிரைவர் பேட்டா இரண்டு நாளைக்கு 1,400. டோல், பார்க்கிங் 900. அறை நான்கு, 7,200. சாப்பாடு டிரைவரையும் சேர்த்து 8,800. கோட்டை டிக்கெட், கேமரா, அர்ச்சனை, இதர செலவு 600. மொத்தம் 33,780, தலைக்கு 2,111 ரூபாய். நாங்கள் 2,200 வசூலித்திருந்தோம், மீதியைக் கணக்கெழுதித் திருப்பிக் கொடுத்தோம். இப்போது டீசல் விலை, வாடகை பார்த்துக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்க முதல் நாள் காலைக்கு இட்லியும் மதியத்துக்குப் புளிச்சோறும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனோம். ஆற்காடு மக்கன் பேடா ஒரு பெட்டி எடுத்துப் போய் லாட்ஜில் அறை கொடுத்தவருக்கும் பகிர்ந்தோம், அதற்கப்புறம் வெந்நீர் கேட்காமலேயே வந்தது. பேடாவை முதல் நாளே சாப்பிட்டு முடித்துவிடுங்கள், அந்தப் புழுக்கத்தில் அடுத்த நாள் தாங்காது.

10. திரும்பும்போது

ஞாயிறு மதியம் 1 மணிக்கு மேல் அங்கே நிற்காதீர்கள். திருக்கடையூர் கோயில் மதியம் நடை சாத்திவிடும், அதனால் தரிசனம் வேண்டுமென்றால் சூரிய உதயம் பார்த்துத் திரும்பியதும் முடித்துவிட வேண்டும். பூம்புகாரையும் சேர்க்க ஆசை வரும், பக்கம்தான், ஆனால் அதற்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும். அதைச் சேர்ப்பதானால் 11 மணிக்கே தரங்கம்பாடியை விட்டுவிடுங்கள்.

காரைக்கால் பக்கம் போய் வருபவர்கள் வண்டியில் யாராவது மது பாட்டில் வாங்கி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நண்டலாறு சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள், ஒருவர் செய்வதற்கு வண்டியே நிற்க வேண்டிவரும்.

1 மணிக்குக் கிளம்பினால் விழுப்புரத்தில் டீ, திருவண்ணாமலையில் ராத்திரி சாப்பாடு, வேலூர் சேர 9.30 ஆகும். குடியாத்தம், பேரணாம்பட்டு போக வேண்டியவர்கள் கூட்டத்தில் இருந்தால் திருவண்ணாமலையிலிருந்தே வீட்டுக்குப் போன் செய்து வேலூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு யாராவது வந்து நிற்கச் சொல்லுங்கள். எங்களுக்கு வழியில் ஒரு டயர் மாற்ற வேண்டி வந்து 10.45 ஆனது, குடியாத்தத்துப் பெண்ணின் அப்பா பைக்கோடு காத்திருந்தார்.